கர்னலுக்கு மூவாயிரம்

ஓய்வு பெற்ற ஆறாம் மாதம், விஜயபாஸ்கர் தன் வீட்டுப் பாதையின் இரு பக்கமும் கிடந்த கற்களுக்கெல்லாம் வெள்ளையடித்து, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு காவிப் பட்டை இழுத்தார். வெலிங்டன் முகாமில் பாதையோரக் கற்கள் அப்படித்தான் இருக்கும். ராணுவத்தார் வந்து இறங்கியதும் சொந்த இடத்துக்கு வந்தது போலத் தோன்ற வேண்டும் என்பது அவர் யோசனை.

சமையலறை ஜன்னலிலிருந்து அனுராதா எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க, கல்லுக்கெல்லாம் பொட்டு வெச்சாச்சுங்களா? மாலை கட்டச் சொல்லட்டுங்களா?"

"உனக்கு மார்க்கெட்டிங் தெரியாது அனு. பேசாம இரு."

"தெரியாதுங்க. ஊட்டுக்கு முன்னால சுடுகாடு மாதிரி இருக்கறது மட்டுந்தான் தெரியுதுங்க."

தூரப் போய் நின்று பார்த்தபோது அவருக்கும் கொஞ்சம் அப்படித்தான் தெரிந்தது. ஆனால் அதற்குள் பெயிண்ட் டப்பா காலியாகிவிட்டது. காலியான டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு மனதை மாற்றிக்கொள்ளும் பழக்கம் அவருக்கு இல்லை.

முப்பது வருடத்துக்கு மேல் ஒரு ராணுவ அலுவலகத்தில் சிவிலியன் உத்தியோகம் பார்த்தவர் அவர். குடியிருப்பு ஒதுக்கீட்டுப் பிரிவு. மாற்றலாகி வரும் அதிகாரிகளில் யாருக்கு எந்த வீடு என்பதற்கான கோப்பு அவர் மேஜை வழியாகத்தான் போகும். அதனால் மேஜர்களும் கர்னல்களும் அவர் மேஜைக்கு முன்னால் நின்று, "மிஸ்டர் பாஸ்கர், கொஞ்சம் பாருங்கள்" என்று கெஞ்சியிருக்கிறார்கள். தான் இல்லாவிட்டால் இந்திய ராணுவம் நீலகிரி மழையில் நனைந்து நிற்கும் என்று அவர் உள்ளூர நம்பிக்கொண்டிருந்தார். அவர் ஓய்வு பெற்ற மறுநாள் அந்த இடத்தில் ஒரு கம்ப்யூட்டரை வைத்தார்கள். ராணுவம் நனையவில்லை.

ஜெகதளாவில், தேயிலைச் சரிவைப் பார்த்தாற்போல ஒரு வீடு. கீழே புருஷனும் பெண்டாட்டியும். ஓய்வுப் பணத்தில் மேலே மூன்று அறைகளைக் கட்டி, 'ரெஜிமென்ட் ரெஸ்ட்' என்று பலகை மாட்டிவிட்டார். வெலிங்டன் பக்கத்திலேயே இருக்கிறது. வருடம் முழுவதும் ராணுவத்தார் வந்துபோகிற ஊர். அவர்களைத் தன்னைவிட அறிந்தவர் யார்? இதுதான் விஜயபாஸ்கரின் திட்டம்.

அனுராதாவின் தம்பி தரணிதரனுக்கு வேறு திட்டம் இருந்தது. அரவேணுவில் கொட்டகை போட்டு சிப்பிக் காளான் வளர்த்துக்கொண்டிருந்தவன் அவன். ஒரு நாள் காட்டெருமை ஒன்று கொட்டகையின் ஒரு பக்கம் நுழைந்து மறு பக்கம் வெளியேறிவிட்டது. நடுவில் இருந்தது எதுவும் மிஞ்சவில்லை. அன்று முதல் அவனுக்கு அக்கா வீட்டு மாடி மேல் ஒரு கண். எருமை மாடி ஏறாது அல்லவா?

அனுராதா இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு தீர்ப்புச் சொன்னாள். "மே மாசம் முடியறதுக்குள்ள மாடி ஒரு தடவையாவது நெறையோணும். நெறைஞ்சா உங்க இஷ்டம். இல்லீன்னா தரணிக்குக் குடுத்தர்றேன்."

விஜயபாஸ்கர் ஒப்புக்கொண்டார். வேறு வழியும் இல்லை; மனை அவள் பேரில் இருந்தது. ஆனால் உள்ளுக்குள் பயந்தார். உத்தியோகம் போன பிறகு தான் யார் என்று அவருக்கே சரியாகத் தெரியவில்லை. இதில் தலைக்கு மேல் காளானும் முளைத்துவிட்டால், அவர் எதற்கும் ஆகாதவர் என்பது ஜெகதளா முழுவதும் உறுதியாகிவிடும்.

மாடிப்படிக்குக் கீழே இருந்த சின்ன அறையை அலுவலகம் ஆக்கினார். மேஜை, மணி, முத்திரை, ஒரு பக்கம் 'உள்ளே', மறு பக்கம் 'வெளியே' என்று எழுதிய இரண்டு தட்டுகள். சுவரில் வாடகைப் பலகை. அந்தப் பலகைக்காக அவர் மூன்று நாள் யோசித்தார் என்பதைச் சொல்லாமல் விட முடியாது.

அரசாங்கக் குடியிருப்பில் ஒரு வழக்கம் உண்டு. பதவிக்கு ஏற்ற வீடு, வீட்டுக்கு ஏற்ற வாடகை. கேப்டன் சம்பளத்தில் பிடிக்கிற வாடகையையே கர்னலிடமும் பிடித்தால் கர்னலுக்கு அவமானம். இத்தனை வருடம் அதையே பார்த்துப் பழகிய மனுஷருக்கு உலகத்தில் வேறு மாதிரி வாடகையும் உண்டு என்று எப்படித் தோன்றும்? ஒரு நாளுக்கு லெப்டினன்ட் ஆயிரத்து ஐந்நூறு. கேப்டன் இரண்டாயிரம். மேஜர் இரண்டாயிரத்து ஐந்நூறு. கர்னல் மூவாயிரம். பிரிகேடியர் மூவாயிரத்து ஐந்நூறு. ஜெனரல்: நேரில் பேசிக்கொள்ளலாம்.

பலகையை முதலில் பார்த்த வெளியாள் எட்மண்ட். வெலிங்டனில் ஜீப் ஓட்டுகிறவர். வருகிற விருந்தாளிகளை அழைத்துவர ஏற்பாடு செய்வதற்காக விஜயபாஸ்கர் அவரை வரவழைத்திருந்தார். எட்மண்ட் பலகையை மேலிருந்து கீழாக ஒரு முறை, கீழிருந்து மேலாக ஒரு முறை படித்தார்.

"சார், ரூமு வேற வேறயா?"

"இல்ல. மூணும் ஒரே மாதிரிதான்."

"கட்டிலு?"

"எல்லாம் ஒரே கட்டில்தான்."

"அப்ப கர்னல் படுத்தா கட்டில் ஜாஸ்தி தேயுங்களா?"

"எட்மண்ட், இது அந்தஸ்து விஷயம். உமக்குப் புரியாது."

"எனக்குப் புரியாதுங்க சார். ஆனா ஆபீசருங்களுக்கு மெஸ் இருக்கு, கெஸ்ட் ரூம் இருக்கு, காபி கொண்டாந்து குடுக்க ஆளு இருக்கு. அதையெல்லாம் விட்டுட்டு ஜெகதளாவுக்கு வந்து உங்க பக்கெட்ல எதுக்குங்க குளிக்கணும்?"

தொல்லையான கேள்வி வந்தால் அலுவலகத்தில் என்ன செய்வாரோ அதையே விஜயபாஸ்கர் செய்தார். மணியை அடித்தார். கூப்பிட ஆள் யாரும் இல்லை என்பது அடித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. "டீ வேணும்னா இங்க வந்து எடுத்துக்கோங்க" என்று உள்ளேயிருந்து அனுராதாவின் குரல் வந்தது.

விளம்பரத்தையும் அவரே எழுதினார். 'படைவீரரை அறிந்தவரின் இல்லம். பதவிக்கேற்ற வாடகை. பதவிக்கேற்ற மரியாதை.' கூடவே கோட்டுப் போட்டுத் தான் நிற்கும் படம் ஒன்று. தெரிந்த முன்னாள் ராணுவத்தினர் வாட்ஸ்அப் குழுக்களுக்கெல்லாம் அனுப்பினார். படத்தில் வீட்டைவிட அவர்தான் பெரிதாக இருந்தார். ஒருவர் அனுதாபத்தோடு கேட்டார்: "எப்போது காலமானார்?"

அழைப்புகள் வராமல் இல்லை. ஆனால் விலையைக் கேட்டதும் பேசியவர்கள் எல்லாரும் லெப்டினன்ட் ஆகிவிட்டார்கள். அறுபது வயதுக் குரல்கள் இருமிக்கொண்டே, "லெப்டினன்ட்தான் சார்" என்றன. விஜயபாஸ்கர் விடவில்லை. "அடையாள அட்டையின் நகலை அனுப்புங்கள்" என்றார். லெப்டினன்ட்கள் போனை வைத்துவிட்டார்கள். இந்திய ராணுவத்தில் இத்தனை பேரைத் தாமாகப் பதவி இறங்க வைத்த ஒரே சிவிலியன் என்ற பெருமை அவருக்கு வந்து சேர்ந்தது. மாடி மட்டும் காலியாகவே இருந்தது.

மே மாதம் மூன்றாம் வாரத்தில் ஒருவழியாக ஒரு மேஜர் அகப்பட்டார். பாலகுமார் என்று பெயர். அசாமிலிருந்து விடுமுறைக்கு வருகிறாராம். மதுரைக்காரர். நான்கு நாள், மனைவியோடு. மேஜர் ரேட்டுக்கு மறுபேச்சுப் பேசாமல் ஒப்புக்கொண்டார். விஜயபாஸ்கர் அன்று முழுவதும் தரணிதரனுக்கு எப்படிப் போன் செய்து சொல்வது என்றே யோசித்துக்கொண்டிருந்தார்.

மேஜர் அரைக்கால் சட்டையும் செருப்புமாக எட்மண்டின் ஜீப்பிலிருந்து இறங்கினார். அவர் மனைவி வனிதா இறங்கியவள் கற்களைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"பாலா, லீவுக்குத்தானே வந்திருக்கோம்?"

"அப்படித்தான் நெனச்சேன்" என்றார் மேஜர்.

விஜயபாஸ்கர் அவர்களை அலுவலகத்துக்கு அழைத்துப் போய் உட்கார வைத்தார். "மூவ்மென்ட் ஆர்டர் நகல் இருக்குங்களா?"

"லீவுல வந்திருக்கேன் சார்."

"அப்ப லீவ் சர்டிபிகேட்."

மேஜர் பெட்டியைத் திறந்து துழாவி எடுத்துக் கொடுத்தார். அதற்கு ஒரு முத்திரை விழுந்தது. அடுத்ததாகச் சாமான் பட்டியல். பல்ப் ஐந்து, பக்கெட் ஒன்று, மக்கு ஒன்று, கைப்பிடி நல்ல நிலையில். ஒவ்வொன்றுக்கும் எதிரே கையெழுத்து. வனிதா உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். சுவரில் வாடகைப் பலகை இருந்தது. அதனால் சிரிப்பு இன்னும் அதிகமாயிற்று.

"மேடம் வீட்டோடவா, வேலைக்குப் போறீங்களா?" என்று படிவத்தைப் பூர்த்தி செய்துகொண்டே கேட்டார் விஜயபாஸ்கர்.

"நானும் சர்வீஸ்தான் சார். டாக்டர்."

பேனா நின்றது. "ரேங்க்?"

"லெப்டினன்ட் கர்னல்."

இந்த இடத்தில் புத்தியுள்ள எந்த வீட்டுக்காரரும் "ரொம்ப சந்தோஷம், காபி சாப்பிடுங்கள்" என்று சொல்லியிருப்பார். விஜயபாஸ்கருக்கு விதிதான் நினைவுக்கு வந்தது. புருஷனும் பெண்டாட்டியும் இரண்டு பேருமே சர்வீஸில் இருந்தால் வீடு மூத்த பதவிக்காரர் பேரில்தான் ஒதுக்கப்பட வேண்டும். அவர் மேஜையில் அந்த விதி ஒரு நாளும் மீறப்பட்டதில்லை.

"அப்ப அலாட்மென்ட் மேடம் பேர்லதான் போகணும்" என்று படிவத்தில் மேஜரின் பெயரை அடித்தார். "லெப்டினன்ட் கர்னலும் கர்னல் கணக்குதான். ரேட்டு மூவாயிரம்."

"புக் பண்ணினது நான்தானே சார்?"

"ரூல்படி சீனியர் பேர்லதான் சார் போகும். நீங்க மேடத்தோட டிபென்டன்ட்."

வெளியே எட்மண்ட் எதற்கோ இருமினார்.

"கல்யாணமாகி இத்தன வருஷத்துல எங்க வீட்டுல இந்தப் பேச்சு ஒரு தடவை கூட வந்ததில்ல சார்" என்றார் மேஜர். "நீங்க பத்து நிமிஷத்துல கொண்டாந்துட்டீங்க."

இருந்தும் தங்கினார்கள். அனுராதா அதற்குள் காபி கொண்டுவந்துவிட்டதால் மரியாதைக்காகத் தங்கினார்கள் என்று சொல்ல வேண்டும். மறுநாள் காலை, அவர்களுக்குப் பிடிக்குமே என்று விஜயபாஸ்கர் மாடிப்படியில் நின்று போனில், முகாமில் விடியலில் ஊதி எழுப்புகிற பியூகிள் ஓசையைப் போட்டார். மேஜர் தூக்கத்திலேயே கட்டிலை விட்டு எழுந்து விறைப்பாக நின்றாராம். பிற்பாடு வனிதாதான் அனுராதாவிடம் சொன்னாள். மதியத்துக்குள் இருவரும் ஊட்டிக்குக் கிளம்பிவிட்டார்கள். போகும்போது மக்கைத் திருப்பி ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டார்கள்.

இரண்டு நாள் கழித்து தரணிதரன் வந்தான். கையில் போன். முகத்தில் அடக்க முடியாத சந்தோஷம்.

"மச்சான், உங்க ஊட்டைப் பத்தி இன்டர்நெட்டுல எழுதியிருக்காங்க. படிக்கட்டுங்களா?"

"நானே படிச்சுக்குவேன் மாப்ள."

"உங்களுக்குக் கண்ணாடி வேணும். நானே படிக்கறேன்." தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தான். "'மலைக்காட்சி அருமை. அந்த அம்மா கொடுத்த காபி அதைவிட அருமை. மற்றபடி லீவு எடுத்துக்கொண்டு வந்து டியூட்டியில் சேர்ந்த அனுபவம். மக்குக்குக் கையெழுத்து வாங்கும் ஒரே விடுதி. இப்படிக்கு, சீனியரும் அவருடைய டிபென்டன்டும்.' ஒரே ஒரு ஸ்டார் குடுத்திருக்காங்க மச்சான்."

"அது காபிக்காக இருக்கும்" என்றாள் அனுராதா.

"அக்கா, மே முடியறதுக்கு இன்னும் ஒரு வாரந்தான் இருக்கு. காளான் போட மேட்டுப்பாளையத்துல வைக்கோலுக்குச் சொல்லிட்டேன். சனிக்கிழமை லோடு வருது."

அனுராதா கணவனைப் பார்த்தாள். விஜயபாஸ்கர் தேயிலைச் சரிவைப் பார்த்தார். அந்த வாரம் அவருக்கு வந்த ஒரே அழைப்பு, அந்த மக்கை ஒரு தடவை பார்க்க முடியுமா என்று கேட்ட யாரோ ஒருவருடையது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. வாசலில் ஜீப் ஹாரன். எட்மண்ட் ஒரு பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். பின்னால் வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர், அவர் மனைவி, இரண்டு துணிப் பைகள், ஒரு தூக்குப் போசி.

"சார், குன்னூர்ல ஒரு லாட்ஜுலயும் எடமில்ல. சீசன் கூட்டம். இவங்க காங்கயத்துல இருந்து வந்திருக்காங்க. பையனுக்கு நாளைக்குக் கசம் பரேடு."

கசம் பரேடு என்றால் என்னவென்று விஜயபாஸ்கருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பயிற்சி முடித்த பையன்கள் கொடியின் முன்னால் உறுதிமொழி எடுத்துச் சிப்பாய் ஆகிற நாள். பெற்றவர்களும் வந்து பார்க்கலாம். வருடா வருடம் அந்தப் பெற்றவர்கள் பஸ் ஸ்டாண்டிலும் டீக்கடை வாசலிலும் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை அவர் பார்த்திருக்கிறார். பார்த்துக்கொண்டே ஆபீசுக்குப் போயிருக்கிறார்.

வந்தவர் கையைக் கூப்பினார். "எம் பேரு குப்புசாமிங்க. இவ அருக்காணி. ஒரு ராத்திரிக்கு மட்டும் எடம் குடுத்தீங்கன்னா போதுமுங்க. வாடகை எவ்வளவுங்க?"

விஜயபாஸ்கர் வழக்கம்போல மேஜைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். "பையன் என்ன ரேங்க்?"

"ரேங்க்குங்களா? அதெல்லாம் நாளைக்குத்தான் குடுப்பாங்க போலிருக்குங்க. இன்னைக்கு வெறும் ரெக்ரூட்டுங்க."

விஜயபாஸ்கர் திரும்பிப் பலகையைப் பார்த்தார். லெப்டினன்டுக்குக் கீழே சுவர்தான் இருந்தது. ராணுவத்தைத் தன்னைவிட அறிந்தவர் யார் என்று கேட்டவர். அந்த ராணுவத்தில் பெரும்பகுதி அவர் பலகையிலேயே இல்லை. சிப்பாய்க்கு முகாமில் பாரக் என்கிற பொதுத் தங்குமிடம் உண்டு. அவன் பேர் அவர் மேஜைக்கு வந்ததே கிடையாது. அவனைப் பெற்றவர்கள் மழையில் வந்து நிற்பார்கள் என்று எந்த விதியிலும் எழுதியிருக்கவில்லை.

"லெப்டினன்டுக்கு ஆயிரத்து ஐந்நூறு" என்று இழுத்தார். "ரெக்ரூட்டுக்கு வந்து..."

குப்புசாமி மனைவியின் முகத்தைப் பார்த்தார். அருக்காணி பைகளை மறுபடி கையில் எடுத்தாள். "பரவாயில்லீங்க. பஸ் ஸ்டாண்டுலயே உக்காந்துக்கறோமுங்க. வெடிஞ்சா பரேடு. ஒரு ராத்திரிதானுங்களே."

அந்த நேரத்தில் சமையலறையிலிருந்து அனுராதா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவள் பலகையைப் பார்க்கவில்லை. இரண்டு கேள்விதான் கேட்டாள்.

"எத்தனை பேருங்க வந்திருக்கீங்க? ராத்திரிக்கு என்ன சாப்புடுவீங்க?"

இரண்டு மாதமாக விடுதி நடத்தியும் இந்த இரண்டு கேள்விகளையும் தான் யாரிடமும் கேட்டதில்லை என்பது விஜயபாஸ்கருக்கு அப்போதுதான் உறைத்தது.

"ரெண்டு பேருதானுங்க. எதுன்னாலும் சாப்புடுவோமுங்க" என்றாள் அருக்காணி.

"ஆளுக்கு நானூறு குடுங்க. ராத்திரிச் சாப்பாடு, காலையில காபி, குளிக்கச் சுடுதண்ணி எல்லாம் அதுலயே. மேல ரூமு சும்மாதான் கெடக்குது." அனுராதா ஒரு பையை வாங்கிக்கொண்டாள். "உங்க மாதிரி எடமில்லாம வேற யாராவது இருக்காங்களா?"

"இருக்காங்களுங்க!" அருக்காணி போனை எடுத்தாள். பயிற்சிக்கு வந்த பையன்களின் அம்மாக்கள் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்கள். "பல்லடத்துக்காரங்க குன்னூர் பஸ் ஸ்டாண்டுல. தாராபுரத்துக்காரங்க ஒரு டீக்கடையில. அந்தியூர்க்காரங்க இன்னும் மேட்டுப்பாளையத்துலயே உக்காந்துட்டிருக்காங்க. மேல வந்தா எடமில்லை, காலையில வரலாம்னா மழையில மலை ரோடு அடைச்சுப் பரேடைப் பாக்க முடியாம போயிருமோன்னு அந்த அக்கா அழுகுது."

"வரச் சொல்லுங்க" என்றாள் அனுராதா. "ஏனுங்க எட்மண்டு, வண்டியை எடுங்க."

"அனு, மூணு ரூமுதான்..." என்று ஆரம்பித்தார் விஜயபாஸ்கர்.

"பாயி போட்டுக்குவாங்க. நீங்க வெங்காயத்தை உரிங்க."

உரித்தார். முதல் கிலோவுக்குக் கண்ணீர் வந்தது. அதற்கு வெங்காயம்தான் முழுக் காரணமா என்று அவருக்கே தெரியவில்லை. அவர் இரண்டாவது கிலோவில் இருந்தபோது எட்மண்டின் ஜீப் மூன்றாவது தடவையாக வந்துவிட்டுப் போனது. மாடியில் காலடிச் சத்தம், பேச்சு, யாரோ தூக்குப் போசியைத் திறந்து தேங்காய் பர்பி பங்கு வைக்கும் ஆரவாரம். மாடி நிறைந்துவிட்டது. அதற்காக இத்தனை நாள் தவமிருந்தவர் அதைக் கவனிக்கவே இல்லை. அடுத்து வெந்நீர் அடுப்புக்கு விறகு வைக்க வேண்டியிருந்தது.

காலையில் மழை விட்டிருந்தது. பட்டுப்புடவையும் ஸ்வெட்டருமாக அம்மாக்கள் இறங்கி வந்தார்கள். எந்த கேட் வழியாகப் போவது என்று அப்பாக்களுக்குள் ஒரே விவாதம். விஜயபாஸ்கர் முன்னால் நடந்தார். எந்தப் பக்கம் நுழைய வேண்டும், எங்கே நின்றால் அணிவகுப்பு நேராகத் தெரியும் என்பது அவருக்குத் தெரியும். இத்தனை வருட உத்தியோகத்தில் பிறருக்கு உபயோகப்படும்படி அவர் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

"சார் மிலிட்டரில பெரிய ஆபீசருங்களா?" என்று கேட்டார் குப்புசாமி.

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தார் விஜயபாஸ்கர். அதற்குள் கேட் வந்துவிட்டது. சொல்லாமலே விட்டுவிட்டார். மனுஷன்தானே.

அவர்களை உள்ளே அனுப்பிவிட்டு வீட்டுக்குத் திரும்பியபோது, வாசலில் ஒரு வேன் நின்றிருந்தது. வேன் முழுக்க வைக்கோல். இடுப்பில் கைவைத்துக்கொண்டு தரணிதரன் மாடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். மாடிக் கைப்பிடியில் வேட்டியும் துண்டும் சேலையும் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன.

"அக்கா, என்ன இது?"

"நெறைஞ்சு போச்சு, தரணி."

"நெறைஞ்சு போச்சா? மச்சான் ஊட்டுக்கு யாரு வந்தாங்க?"

"நாலு ஊரு சனம் வந்திருக்கு. மே முடியறதுக்குள்ள நெறையோணும்னு சொன்னேன். நெறைஞ்சிருச்சு. உன்ற மச்சான் ஜெயிச்சுட்டாரு."

விஜயபாஸ்கரின் நெஞ்சு ஒரு கணம் விரிந்தது. தான் என்ன செய்து ஜெயித்தோம் என்று யோசித்துப் பார்த்தார். வெங்காயம் உரித்ததுதான் நினைவுக்கு வந்தது. நெஞ்சு பழைய அளவுக்கே திரும்பியது.

"அதெல்லாம் சரி அக்கா. லோடு வந்து நிக்குது பாரு. மறுபடி மழை கட்டுது. வைக்கோல் நனைஞ்சா என்ற பொழப்பு போச்சு. நான் எங்கே போவேன்?"

அவன் குரலில் நிஜமாகவே அழுகை இருந்தது. அனுராதா சுற்றுமுற்றும் பார்த்தாள். அவள் பார்வை மெதுவாக நகர்ந்து மாடிப்படிக்குக் கீழே வந்து நின்றது. அது அங்கே நின்ற விதம் விஜயபாஸ்கருக்குப் பிடிக்கவில்லை.

"அனு, அது ஆபீஸ்."

"உள்ள போய்ப் பாரு, தரணி."

தரணிதரன் உள்ளே போனான். சுவரைத் தொட்டுப் பார்த்தான். மூலையில் முகர்ந்து பார்த்தான். கதவைச் சாத்தி இருட்டில் கொஞ்ச நேரம் நின்றான். வெளியே வந்தபோது அவன் முகம் மலர்ந்திருந்தது.

"அக்கா! வெளிச்சமில்ல, காத்தில்ல, நல்ல ஈரம். காளானுக்குன்னே கட்டின மாதிரி இருக்கு. மச்சான் இதுக்குள்ளயா இத்தன நாளா உக்காந்திருந்தாரு?"

இரண்டு மாதம் உட்கார்ந்திருந்தும் தன் மேல் எதுவும் முளைக்காமல் தப்பித்ததை நினைத்து விஜயபாஸ்கர் முதல் முறையாகக் கொஞ்சம் ஆச்சரியப்பட்டார். "அப்ப நான் எங்க உக்காந்து பதிவு பண்றது?"

"என்னத்தைங்க பதிவு பண்றீங்க?" என்றாள் அனுராதா. "அருக்காணியக்கா அந்தக் குழுவுல நம்ம நம்பரைப் போட்டுருச்சு. அடுத்த பரேடுக்கு வர்றவங்க காலையிலயே போன் பண்ணிட்டாங்க. ஊரைக் கேளுங்க, எத்தனை பேருன்னு கேளுங்க. அடுப்படியில நின்னுக்கிட்டே கேக்கலாம். எனக்கும் தேங்காய் துருவ ஒரு ஆளு ஆச்சு."

"ரேட்டு?"

"ரேட்டை நான் பாத்துக்கறேன்."

தீர்ப்பு சொல்லியாகிவிட்டது. மேஜையைத் தரணிதரனும் வேன் டிரைவரும் தூக்கி வெளியே வைத்தார்கள். மணி உருண்டு படியில் விழுந்து தானாகவே ஒரு தரம் ஒலித்தது. முதல் தூறல் விழுந்தது. "மச்சான், சும்மா நிக்காதீங்க, பிடிங்க!" என்று தரணிதரன் கத்தினான். விஜயபாஸ்கர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வைக்கோல் கட்டுகளைச் சுமக்க ஆரம்பித்தார். நாலாவது நடையில் தலை முழுக்க வைக்கோல், மூக்கில் தூசி, இரண்டு கைகளிலும் ஒரு பெரிய கட்டு.

அப்போதுதான் எட்மண்டின் ஜீப் திரும்பி வந்தது. குப்புசாமி இறங்கினார். அருக்காணி இறங்கினாள். அழுது அழுது கண் சிவந்திருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள். அவர்களுக்குப் பின்னால் விறைத்த சீருடையில் ஒரு பையன். மாலை வரை வெளியே இருக்க அனுமதி வாங்கிக்கொண்டு வந்திருந்தான்.

"ஜீவா, இவருதாம்பா அந்த ஆபீசரு" என்றார் குப்புசாமி. "ராத்திரி எங்களுக்கு எடம் குடுத்தவரு."

அன்று காலையில்தான் சிப்பாய் ஆனவன். எதிரே வருகிற எல்லாருக்கும் மரியாதை செய்யும் வேகத்தில் இருந்தான். குதிகால் சேர்ந்தது. முதுகு நிமிர்ந்தது. கை மின்னல் மாதிரி நெற்றிக்குப் போனது.

முப்பது வருடத்துக்கு மேல் ராணுவத்துக்குள்ளேயே வேலை பார்த்தும் விஜயபாஸ்கருக்கு ஒருவர் கூட சல்யூட் வைத்ததில்லை. சிவிலியனுக்கு யார் வைப்பார்கள்? இப்போது ஒருவன் வைத்திருக்கிறான். வைத்த கையை இறக்காமல், பதில் மரியாதைக்காகக் காத்து நிற்கிறான். வைக்கோலைக் கீழே போட்டால் ஈரமாகும், மைத்துனன் கத்துவான். போடாவிட்டால் பையன் கையை இறக்க மாட்டான். விஜயபாஸ்கர் வைக்கோல் கட்டோடு அப்படியும் இப்படியும் அசைந்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். தும்மல்தான் வந்தது.

அனுராதா வாசலுக்கு வந்து பார்த்தாள்.

"கையை எறக்கு, சாமி. அவருக்கு ரெண்டு கையிலயும் வேலை இருக்குது. நீ உள்ள வா, எலை போட்டாச்சு."